உங்கள் பழைய சிபியு 27 இஞ்ச் மானிட்டரை ஓட்டும், அந்த வெள்ளை போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: தம்பி, உசிலம்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே சிஸ்டத்தில்தான். 2013-ல் மதுரையில் அசெம்பிள் செய்தது. பில்லில் ஐ3-3220, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறது. விண்டோஸ் 10 ஓடுகிறது. பேஜ்மேக்கரும் கோரல்டிராவும்தான் வேலை. மானிட்டர் 18.5 இஞ்ச். எனக்கு வயது 52, பத்திரிகையில் பெயர்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கண் எரிகிறது. 27 இஞ்ச் வாங்கலாம் என்று கடையில் கேட்டேன். "இந்த போர்டு அவ்வளவு பெரிய மானிட்டரைத் தாங்காது, ரேம் பத்தாது, எஸ்எம்பிஎஸ்சும் இழுக்காது, சிபியுவையே மாத்திருங்க" என்று 38,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். சிபியுவுக்குப் பின்னால் நீலக் கலரில் ஒரு போர்ட், அதில்தான் இப்போது கேபிள் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கலரில் நீளமாக ஒன்று சும்மா கிடக்கிறது. எச்டிஎம்ஐ இல்லை. மச்சினன், பேசாமல் 32 இஞ்ச் டிவியை மாட்டுங்கள் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்:

அண்ணே, அந்த கொட்டேஷனை மடித்து ஓரமாக வையுங்கள். உங்கள் சிஸ்டம் 27 இஞ்ச் மானிட்டரைத் தாராளமாக ஓட்டும். எந்த 27 இஞ்ச், எந்தக் கேபிளில் மாட்டுவது, இந்த ரெண்டை மட்டும் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும், மிச்சம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் உங்களைக் குழப்பியது இந்த இடத்தில்தான். சிபியுவுக்கு இஞ்ச் கணக்கே தெரியாது. அது மானிட்டருக்கு அனுப்புவது புள்ளிகளை, பிக்சல் என்கிறோமே அதை. குறுக்கே எத்தனை புள்ளி, மேலிருந்து கீழே எத்தனை புள்ளி, ஒரு நொடிக்கு எத்தனை தடவை, அவ்வளவுதான் அதன் வேலை. பதினைந்து புள்ளிக் கோலத்தை வாசற்படியிலும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் விடுகிற இடம்தான் கூடும், புள்ளி என்னவோ அதே பதினைந்துதான். மானிட்டரும் அப்படித்தான். 22 இஞ்ச் ஃபுல் எச்டி, 24 இஞ்ச் ஃபுல் எச்டி, 27 இஞ்ச் ஃபுல் எச்டி எல்லாவற்றிலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் 20,73,600 புள்ளி. 22 இஞ்சுக்கு அனுப்ப முடிகிற சிபியு 27 இஞ்சுக்கும் அதே மூச்சில் அனுப்பும். ஆக, "இந்த போர்டு 27 இஞ்சைத் தாங்குமா" என்று கேட்டால் பதில் கிடைக்காது, "இந்த போர்டு 1920க்கு 1080 கொடுக்குமா" என்றுதான் கேட்க வேண்டும்.

கொடுக்கும். ஐ3-3220 என்பது இன்டெல் 2012-ல் கொண்டுவந்த மூன்றாம் தலைமுறை பிராசசர், அதற்குள்ளேயே எச்டி கிராஃபிக்ஸ் 2500 என்ற சிப் இருக்கிறது, தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே உங்களுக்குப் படம் வருவது அதனால்தான். இந்தக் கூட்டணியில் நீல போர்ட் வழியாக, அதாவது விஜிஏ வழியாக, 2048க்கு 1536 வரை போகலாம். வெள்ளை போர்ட் வழியாக 1920க்கு 1200 வரை, நொடிக்கு 60 தடவை. ரெண்டிலுமே ஃபுல் எச்டி அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கிற 2560க்கு 1440, அதைவிடவும் புள்ளி கூடுதலான 4கே இதெல்லாம் அடங்காது. உங்கள் சிஸ்டத்தின் எல்லைக்கோடு இதுதான், கடையில் போய் நிற்கும்போது இது ஒன்று ஞாபகத்தில் இருக்கட்டும்.

ரேம் பத்தாது என்று சொன்னதற்கு வருகிறேன். ஃபுல் எச்டி திரை ஒன்றைக் காட்ட, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 8 எம்பி ஆகும். உங்களிடம் இருப்பது 4 ஜிபி, அதாவது 4,000 எம்பிக்கு மேல். கோரல்டிராவில் இருபதடி ஃபிளெக்ஸைத் திறந்தால் சிஸ்டம் திணறும்தான், ஆனால் அது இப்போது 18.5 இஞ்சிலும் திணறிக்கொண்டுதான் இருக்கும், அதற்கும் மானிட்டருக்கும் சம்பந்தம் இல்லை. எஸ்எம்பிஎஸ் விஷயம் இன்னும் சுத்தம்: மானிட்டருக்குத் தனி பவர் கார்டு, அது யுபிஎஸ்ஸில் இருந்தோ சுவரில் இருந்தோ கரண்ட் எடுத்துக்கொள்கிறது. சிபியுவுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருக்கிற பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அதற்கு ஒரு வாட் கூடக் கொடுப்பதில்லை. 27 இஞ்ச் எல்இடி மானிட்டர் பொதுவாக 20 முதல் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும், உங்கள் யுபிஎஸ் அதைத் தாங்கும். தெரியாமல் சொன்னார்களோ விற்பதற்காகச் சொன்னார்களோ, அந்த மூன்று காரணத்தில் ஒன்று கூட நிற்காது. வருமானத்தை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் எண்ணிப் பார்த்துக் கடை நடத்துகிற ஒருவரிடம் இப்படி 38,000 ரூபாயைக் கேட்பது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

சரி, என் பேச்சை மட்டும் நம்பிப் பணம் போட வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டினால் இடது பக்கம் கீழே சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆறு எழுத்தையும் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். ஏதாவது கேட்டால் எஸ் கொடுங்கள். வருகிற ஜன்னலில் டிஸ்ப்ளே என்று ஒரு டேப் இருக்கும், அதில் பெயர் என்ற இடத்தில் இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் என்று வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அங்கே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று வந்தால் டிரைவர், அதாவது அந்த கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸ் முழுசாகப் பயன்படுத்தத் தேவையான சாஃப்ட்வேர், போடவில்லை என்று அர்த்தம். யாரோ விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டு டிரைவரை அப்படியே விட்டிருப்பார்கள். இந்த நிலையில் புது மானிட்டரை மாட்டினால் படம் இழுத்துவைத்த மாதிரி பட்டையாக வரும், ரெசல்யூஷனை, அதாவது புள்ளி எண்ணிக்கையை, மாற்றப் போனால் அந்த இடமே மங்கலாகி மாற்ற விடாது. உடனே "பாத்தீங்களா, போர்டு தாங்கலை" என்பார்கள். இன்டர்நெட்டில் இணைத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், பெரும்பாலும் அதுவே இன்டெல் டிரைவரை இறக்கிக்கொள்ளும்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்தால் இப்போது 1366க்கு 768 தான் கடைசியாகத் தெரியும். அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். அந்தப் பட்டியல் சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து செய்ய முடிந்ததைத்தான் காட்டும். உங்கள் 18.5 இஞ்சில் இருப்பதே அவ்வளவு புள்ளிதான், அதனால் அதற்கு மேல் காட்டவில்லை. புது மானிட்டரை மாட்டியதும், மானிட்டர் தன் அளவை கேபிள் வழியாகவே சிபியுவுக்குச் சொல்லும், பட்டியலும் நீளும்.

இப்போது அந்த வெள்ளை போர்ட். அதன் பெயர் டிவிஐ. 1999-ல் வந்தது, எச்டிஎம்ஐக்கு அண்ணன் என்றே சொல்லலாம், உள்ளே ஓடுகிற சிக்னல் எச்டிஎம்ஐயில் ஓடுகிற அதே டிஜிட்டல் சிக்னல். அதனால் ஒரு பக்கம் டிவிஐ-டி, மறுபக்கம் எச்டிஎம்ஐ இருக்கிற சாதாரணக் கேபிள் ஒன்று போதும். நடுவில் கன்வெர்ட்டர் பெட்டி வேண்டாம், தனி பவர் வேண்டாம். சில நூறு ரூபாய்தான் ஆகும். இத்தனை வருஷம் அந்த போர்ட் தூசி படிந்து சும்மா கிடந்திருக்கிறது, மாட்டுவதற்கு முன் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டு உள்ளே பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓரத்தில் தட்டையாக ஒரு கோடு மாதிரி வெட்டு. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ரெண்டு ரெண்டு ஓட்டை தனியாக இருந்தால் அது டிவிஐ-ஐ, இல்லாவிட்டால் டிவிஐ-டி. எது இருந்தாலும் டிவிஐ-டி கேபிள் உள்ளே போகும். டிவிஐ-ஐ கேபிள்தான் டிவிஐ-டி போர்ட்டில் நுழையாது, அந்த நான்கு பின்னும் இடிக்கும். ஆகவே கேட்டு வாங்கும்போது டி என்று அழுத்திச் சொல்லுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். இந்த வழியில் மானிட்டருக்குச் சத்தம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் இப்போது இருக்கிற மாதிரி பச்சை ஓட்டையிலேயே இருக்கட்டும்.

நீல போர்ட்டும்தான் ஃபுல் எச்டி கொடுக்குமே, பின்னே எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த ஏற்பாடு, சிக்னல் அனலாக். புள்ளிகளை எண்ணாக அனுப்பாமல் ஏறி இறங்குகிற மின்னழுத்தமாக அனுப்பும், மறுமுனையில் மானிட்டர் அதைப் பார்த்து எந்தப் புள்ளி எங்கே என்று தானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். 18.5 இஞ்சில் புள்ளி குறைவு, அது பெரிதாகத் தெரியவில்லை. புள்ளி ரெண்டு மடங்காகும்போது, அதுவும் மெல்லிசான இலவசக் கேபிளில், எழுத்து ஓரத்தில் நிழல் விழும். இது ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில்தான் அதிகம் அடிக்கும். பத்திரிகையில் "தங்கள் நல்வரவை நாடும்" என்று சின்ன எழுத்தில் அடித்துவிட்டு 'ங்' தலையில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். விஜிஏவில் அந்தப் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறைபோலத் தெரியும், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், 'கெ' போட வேண்டிய இடத்தில் 'கே' போயிருக்கும். பத்திரிகை அச்சாகி வந்த பிறகு சம்பந்தி வீட்டுக்காரர் பெயரில் ஒரு புள்ளி இல்லை என்றால் அந்த ஆயிரம் பத்திரிகையும் யார் கணக்கில் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண் எரிச்சலில் ஒரு பங்கு இந்த விஜிஏ மங்கலாகவும் இருக்கலாம். புது மானிட்டர் வருகிறவரை, இப்போது இருக்கிற மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், ரெசல்யூஷன் 1366க்கு 768 என்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 1024க்கு 768-லேயே வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 27 என்று நீங்கள் கேட்டது நல்ல கணக்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் "பெரிய மானிட்டர் வாங்கினேன், எழுத்து சின்னதாகிவிட்டது" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. இப்போதைய 18.5 இஞ்சில் ஒரு இஞ்ச் நீளத்துக்குள் சுமார் 85 புள்ளி இருக்கிறது. 21.5 இஞ்ச் ஃபுல் எச்டியில் அது 102 ஆகிவிடும், புள்ளி நெருங்கும், எழுத்து சுருங்கும். 24 இஞ்சில் 92, அப்போதும் இப்போதைவிடச் சின்னதுதான். 27 இஞ்ச் ஃபுல் எச்டியில் 82. அதாவது எழுத்து இப்போது இருப்பதைவிட ஒரு பொட்டு பெரிதாகவே இருக்கும், பரப்பு ரெண்டு மடங்கு கிடைக்கும். கேம் ஆடுகிறவர்களும் படம் பார்க்கிறவர்களும் 27 இஞ்சில் ஃபுல் எச்டி பத்தாது, புள்ளி பெரிதாகத் தெரிகிறது என்று குறை சொல்வார்கள். அவர்கள் தேவைக்கு அது சரி. வெள்ளெழுத்து விழுந்த கண்ணோடு பெயர் சரிபார்க்கிறவருக்குப் பெரிய புள்ளிதான் வேண்டும்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 27 இஞ்ச் திரையின் உயரம் சுமார் 33.6 சென்டிமீட்டர், ஏ4 தாளின் உயரம் 29.7. மெனுவுக்கும் டாஸ்க்பாருக்கும் போக, நோட்டீஸ் ஒன்று கிட்டத்தட்ட அச்சாகிற அளவிலேயே முழுசாக முன்னால் நிற்கும். இப்போதைய மானிட்டரின் உயரம் 23 சென்டிமீட்டர்தான், அதனால்தான் மேலே பார்த்தால் கீழே தெரியாமல் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருக்கிறீர்கள்.

எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் விண்டோஸில் ஸ்கேல் என்ற இடத்தில் 125 சதவீதம் வையுங்கள். அப்போதும் 1536க்கு 864 அளவுக்கு இடம் மிஞ்சும், அது இப்போதைய 1366க்கு 768-ஐவிடக் கூடுதல்தான். ஆனால் பேஜ்மேக்கர் 7 என்பது 2001-ல் வந்து அதோடு நின்றுபோன சாஃப்ட்வேர், அதற்கு இந்த ஸ்கேல் என்பதே தெரியாது. 125 வைத்தால் அதன் ஜன்னல் மட்டும் லேசாக மங்கும். மங்கினால் ஸ்கேலை 100-க்கே திருப்பிவிட்டு பேஜ்மேக்கருக்குள்ளேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் 4கே உங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்கிறேன், சிபியு கொடுத்தாலும் வேண்டாம். 27 இஞ்ச் 4கேயில் ஒரு இஞ்சுக்கு 163 புள்ளி, பேஜ்மேக்கரின் டூல்பாக்ஸ் தம்மாத்துண்டாகத் தெரியும். 2560க்கு 1440 மானிட்டர் தள்ளுபடியில் வந்தாலும் வாங்காதீர்கள், உங்கள் சிபியு அதற்கு 1080 வரைதான் அனுப்பும், மானிட்டர் அதை இழுத்து நிரப்பும், இழுத்த எழுத்து கூர்மையாக இருக்காது. எல்சிடி திரையில் எத்தனை புள்ளி இருக்கிறதோ சரியாக அத்தனை புள்ளி அனுப்பினால்தான் எழுத்து நறுக்கென்று நிற்கும்.

மானிட்டர் அட்டையில் 75 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள், நொடிக்கு எத்தனை தடவை என்ற கணக்குதான் அது, கவலை வேண்டாம், உங்கள் சிஸ்டத்தில் அது 60-ல் ஓடும், டிடிபிக்கு அது போதும். ஐபிஎஸ் பேனலாகப் பார்த்து வாங்குங்கள், பக்கவாட்டில் நின்று பார்க்கிற வாடிக்கையாளருக்கும் மஞ்சள் கலர் நிறம் மாறாமல் மஞ்சளாகவே தெரியும். வளைந்த மானிட்டர் வேண்டாம், பார்டர் கோடு நேராக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். பின்னால் எச்டிஎம்ஐ கட்டாயம் இருக்க வேண்டும், இன்றைக்கு எல்லாவற்றிலும் இருக்கும்.

மச்சினன் சொன்ன டிவி. விலை குறைந்த 32 இஞ்ச் டிவிகளில் நிறைய 1366க்கு 768 தான், எச்டி ரெடி என்று போட்டிருப்பார்கள். உங்கள் 18.5 இஞ்சில் இருக்கிற அதே புள்ளியை 32 இஞ்சுக்குப் பரப்பினால் எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும், ஒரு வரி கூடக் கூடுதலாகத் தெரியாது. அதோடு சில டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும், டாஸ்க்பார் பாதி காணாமல் போகும். சில டிவிகள் கலர் விவரத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபிளெக்ஸில் நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டால் ஓரம் பிசிறடிக்கும். கைக்கெட்டுகிற தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க டிவி செய்யப்படவில்லை. மச்சினன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், இருந்தாலும் வேண்டாம்.

ஆனால் வீட்டு டிவியை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தலாம். மானிட்டர் வாங்குவதற்கு முன்பே அந்த டிவிஐ-எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் வாங்கி, சிபியுவை வீட்டுக்கு எடுத்துப் போய் டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியில் இன்புட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டு, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1920க்கு 1080 என்று தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வெள்ளை போர்ட் உயிரோடு இருக்கிறது, டிரைவரும் சரி, கண்ணை மூடிக்கொண்டு 27 இஞ்ச் வாங்கலாம். சிபியுவைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆரப்பாளையம் வரை பஸ்ஸில் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒருவேளை வெள்ளை போர்ட்டில் படமே வரவில்லை என்றால் ரெண்டு வழி. ஒன்று, விஜிஏ போர்ட்டும் உள்ள மானிட்டராக வாங்கி, ரெண்டு முனையிலும் உருளையாகக் குமிழ் வைத்த தடித்த விஜிஏ கேபிள் போடுவது. எழுத்து கொஞ்சம் மென்மையாகத் தெரியும், ஆனாலும் வேலை ஓடும். இன்னொன்று, சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. ஜிடி 710 சுமார் 19 வாட், ஜிடி 1030 சுமார் 30 வாட்தான் எடுக்கும், தனி பவர் வயர் கேட்காது, உங்கள் எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். கேபினெட் ஒல்லியானதாக இருந்தால் அரை உயரத் தகடோடு வருகிற கார்டாகக் கேளுங்கள். பழைய போர்டின் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடுகிற அடிப்படை சாஃப்ட்வேர், சில கார்டுகளோடு ஒத்துப்போகாது, ஆகவே "ஓடவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா" என்று பேசி வைத்துக்கொண்டு வாங்குங்கள். கார்டு போட்ட பிறகு கேபிளை கார்டில்தான் மாட்ட வேண்டும், பழைய போர்ட்டில் மாட்டிவிட்டு கார்டு வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. விஜிஏ-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டியும் கடையில் காட்டுவார்கள். அது எந்தத் திசைக்கானது என்று பார்க்காமல் வாங்கினால் வீண். எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றுவதுதான் கடைகளில் அதிகம் தொங்கும், அது உங்களுக்கு உதவாது.

இதே கேள்வியோடு வேறு மாதிரி சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கும் ரெண்டு வரி. எச்டிஎம்ஐ போர்ட் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயது வேறு. 2009-ல் வந்த 1.4 வகை, 4கேயை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும், மவுஸ் இழுத்துக்கொண்டே வருகிற மாதிரி தெரியும். 2013-ல் வந்த 2.0 வகையில்தான் 60. நான்காம் தலைமுறை இன்டெல் சிஸ்டத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை போர்ட் இருந்தால் அதன் வழியாகப் பெரும்பாலும் 4கே 60-ல் வரும், எச்டிஎம்ஐ வழியாக வராது. எனவே 4கே ஆசை இருப்பவர்கள் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

அண்ணே, கண் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. மானிட்டர் பாதிதான் தீர்க்கும். படிக்கிற கண்ணாடி, புத்தகம் பிடிக்கிற தூரத்துக்குப் போட்டது, மானிட்டர் அதைவிடத் தள்ளி, 60, 70 சென்டிமீட்டரில் இருக்கும். பைஃபோகல் போட்டிருந்தால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து தூக்குவீர்கள், 27 இஞ்ச் உயரமாக நின்றால் இன்னும் தூக்குவீர்கள், அப்புறம் கழுத்துவலி என்று எனக்கு மறுபடி எழுதுவீர்கள். திரையின் மேல் ஓரம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும், சிபியு மேலேயோ அட்டைப்பெட்டி மேலேயோ தூக்கி வைக்காதீர்கள். மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்ணைக் காட்டுங்கள், உட்கார்ந்து டேப் வைத்து உங்கள் கண்ணுக்கும் மானிட்டருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய் "இந்தத் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும்" என்று சொல்லுங்கள். கண் எரிச்சலுக்கு வேறு காரணம் இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் பிராசசரை முறைப்படி ஏற்காது, எட்டாம் தலைமுறையில் இருந்துதான். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஆதார், பேங்க் விவரம் எல்லாம் அதில் அடிக்கிறீர்கள் என்பதால் சிபியுவை என்றைக்காவது மாற்றத்தான் வேண்டியிருக்கும். அதை ஒரு நல்ல முகூர்த்த சீசன் முடிந்து, கையில் காசு நிற்கும்போது நீங்களே முடிவு செய்யுங்கள். இப்போது வாங்குகிற மானிட்டர் அந்தப் புது சிபியுவுக்கும் அப்படியே வரும், அதனால் இந்தச் செலவு எங்கேயும் போகாது.

கடைசியாக, பழைய 18.5 இஞ்சை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றும் பெரிதாகத் தர மாட்டார்கள். அதை நீல போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் புதிதை வெள்ளை போர்ட்டில் மாட்டுங்கள், உங்கள் சிப் ரெண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எக்ஸ்டென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, 27 இஞ்சை மெயினாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கஸ்டமர் அனுப்பிய பெயர்ப் பட்டியல் சின்னத் திரையில் நிற்கட்டும், பத்திரிகை பெரிய திரையில் நிற்கட்டும், வரிக்கு வரி வைத்துச் சரிபார்க்கலாம். வெள்ளை போர்ட்டில் நான் சொன்ன அடையாளம் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் சிபியுவின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.